பதினொரு வெள்ளி அறுபது காசு

பள்ளி விடுமுறைக்கு இன்னும் பதினாறு நாள்.
அதனால்தான் தலைக்கு இருபது வெள்ளி குறைவு என்று
நிலோஃபர் மூன்று முறை சொல்லிவிட்டாள்.
ஜூன் பிறந்தால் இந்த ஆற்றில்
துடுப்போடு துடுப்பு இடிக்குமாம்,
கொக்குகள்கூட வரிசையில் நிற்க வேண்டிவருமாம்.

செம்பவாங் கடற்கரை. காலை ஏழேமுக்கால்.
பத்துப் பேருக்கு ஐந்து கயாக்.
வழிகாட்டி ஸுல் பார்வையாலேயே எடைபோட்டு
இணை சேர்த்தான், ஜாதகம் பார்க்கவில்லை.
எனக்கு வாய்த்தவள்
கணக்குப் பிரிவு பெக் லெங்.

என் டாக்சிச் சீட்டை
இரண்டு முறை திருப்பி அனுப்பியவள்.
பதினொரு வெள்ளி அறுபது காசு.
'காரணம் தெளிவாக இல்லை.'
நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கிடங்கைப் பூட்டியவன்
ரயிலும் நின்றுபோன ஊரில் எப்படி வீடு போவான்?
இதைவிடத் தெளிவாக எழுத
என்னிடம் மொழி இல்லை.

அவள் முன்னால், நான் பின்னால்.
அவள் மாண்டரினில் வாய்விட்டு எண்ணினாள்
நான் தமிழில், மனசுக்குள்.
அவளுடைய மூன்றும் என்னுடைய இரண்டும்
நடுவானில் மோதிக்கொண்டன.
தெறித்த உப்புத்தண்ணீர் இருவருக்கும் சமம்.

எதிர்க்கரையில் ஜொகூரின் புகைபோக்கிகள்.
மீன் பண்ணை நாய்கள் மிதவைமேல் ஓடி ஓடிக் குரைக்க
நனையாத பைக்குள் என் கைப்பேசி அதிர்ந்தது:
மலேசியாவுக்கு நல்வரவு.
நாங்கள் இன்னும்
காத்திப் போங்சு முகத்துக்கே வந்து சேரவில்லை.

உள்ளே நுழைந்ததும் யாரோ
ஒலியைக் குறைத்ததுபோல் இருந்தது.
அலையாத்தி வேர்கள் சேற்றைக் குத்திக்கொண்டு மேலே வந்து
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.
உளுவை மீன் ஒன்று தண்ணீரை விட்டு வெளியே வந்து
எங்களை உற்றுப் பார்த்தது,
அலுவலகம் மாறி வந்தவர்களைப் பார்ப்பதுபோல.

"பதினொன்றுக்குத் திரும்பணும்,
ஓதம் யாருக்கும் காத்திருக்காது" என்றான் ஸுல்.
ரமணிதரன் குழுப்படம் எடுத்தான்.
கண்மூடியவர்களுக்காக இன்னொன்று.
நிறுவனச் சட்டை தெரிய இன்னொன்று.

பதினொன்று நாற்பதுக்கு
ஆறு எங்கள் அடியிலிருந்து போய்விட்டது.
மற்ற நான்கு படகும் வளைவில் அடுத்தடுத்துக் கிடக்க
எங்கள் கயாக் மட்டும் பின்தங்கி
சேற்றில் குந்திக்கொண்டது.

அவள் விரல் நீட்டி எண்ணினாள்.
மீண்டும் ஒரு முறை.
"பத்து" என்றாள்.
"சரிதானே?" என்றேன்.
"இன்றைக்குச் சரி" என்றாள்
திரும்பாமல்.

சில தாள்கள் முதலில் வருவது
கணக்குப் பிரிவுக்குத்தான்.
நான் மேலே கேட்கவில்லை.
கிடங்கில் ஆறு மாதமாகக் குறைந்துவரும் பெட்டிகளை
நானும்தான் எண்ணுகிறேன்.

இறங்கித் தள்ளினோம்.
முழங்கால்வரை வாங்கிக்கொண்ட சேறு
அவள் காலைத் திருப்பித் தந்தது
செருப்பைத் தரவில்லை.
குப்புறப் படுத்துத் தோள்வரை கைவிட்டுத் துழாவினேன்.
வந்தது ஒரு பழைய நீலச் செருப்பு,
யாருடையதோ, எந்த ஆண்டோ,
அதுவும் இடதுகால்.
சிரித்தாள்.
நான்கு வருடத்தில் அந்தச் சிரிப்பை
நான் கேட்டதில்லை.
வலது காலில் அதையே மாட்டிக்கொண்டு
படகேறினாள்.

திரும்பும்போது யாரும் எண்ணவில்லை.
துடுப்புகள் மோதவும் இல்லை.

திங்கட்கிழமை காலை
என் டாக்சிச் சீட்டுக்கு அனுமதி வந்திருந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
அவளே எழுதியிருந்தாள்:
'வீடு திரும்ப வேறு வழி இல்லை.'

இரண்டு தடவை படித்தேன்.
நல்ல மனசுதான்.
ஆனால் கணக்கை மூடுவதற்கு முன்
சில்லறைப் பாக்கிகளை முதலில் தீர்ப்பார்கள்
என்பதும் எனக்குத் தெரியும்.