முப்பத்தொன்றாம் ஆள்

ட்ரோம்சோவில் நவம்பர் நண்பகல்
நீலமாய் வந்து நீலமாய்ப் போகிறது.
விளக்கைப் போட்டுக்கொண்டு சுன்னிவா
மில்லிவினாடிகளைப் பார்க்கிறாள்:
அறுநூற்றுப் பத்து, ஐந்நூற்று எண்பது, அறுநூற்று நாற்பது.
திரையில் தெரிவது சொல்லா, வெறும் எழுத்துக்கூட்டமா,
பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

'துடுப்பு' என்ற சொல்லுக்கு
முப்பத்தொன்றாம் ஆள் எடுத்துக்கொண்டது
பதினொரு வினாடி.

அவர்கள் மொழியில் அதே சொல்தான் இரத்தக்குழாயும்.
பட்டியல் போட்டபோது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

'தும்மியிருப்பார்' என்கிறாள் சுன்னிவா.
'இல்லை, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நான் இருந்தேனே'
என்கிறான் ஹல்வார்ட்.
'விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
அழுத்தவில்லை.'

மூன்று வினாடி தாண்டினால் நீக்கு:
ஜூனில், அந்த நாற்காலியில் யாரும் உட்காருமுன்
அவளே எழுதிப் பதிந்த விதி.
வைத்துக்கொண்டால் பி மதிப்பு 0.047.
நீக்கினால் 0.053.

நீக்குகிறாள்.
ஒரு கட்டம் காலி. கட்டுரை இனி
'உறுதிப்படவில்லை' என்று முடியும்,
ஹல்வார்ட் காபி எடுக்கப் போய்விட்டான்.

இரவு பஸ் பாலத்தில் ஏறுகிறது.
கீழே தண்ணீர் தெரியவில்லை.
துடுப்பு, என்று மனசுக்குள் சொல்லிவிட்டு
வினாடிகளை எண்ணுகிறாள்.
நாலாவதில்
இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.