நாள்காட்டித் தாளின் பின்பக்கம்

"புரிஞ்சுதா?" என்று கேட்டால்
ஓட்டுக்கடியில் இருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும்படி
"புரிஞ்சுது மிஸ்!"
நாற்பத்தொரு தொண்டை, ஒரே சுருதி.
ஒன்பது வருஷம் அதை நம்பித்தான்
சம்பளம் வாங்கினேன்.

இந்த வருஷம் கேட்பதில்லை.
மணியடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது
ஆபீஸ் அறையில் தினம் கிழித்து
ஆணியில் குத்தி வைத்த தாள்களைக் கொடுக்கிறேன்.
முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம்,
பின்பக்கம் வெள்ளை.
ஒரு கேள்வி, ஒரு வரி.
பேர் எழுத வேண்டாம், மார்க் கிடையாது.

"மார்க் இல்லன்னா எதுக்கு மிஸ்?"
கோதண்டபாணிக்குச் சந்தேகம்.
"எனக்கு" என்றேன்.
அவன் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமைக் கேள்வி:
மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று.
எது பெரிசு? ஏன்?

குடியாத்தத்தில் ஜன்னல் சீட் கிடைத்தது.
தாள்கள் பறக்காமல் இருக்க
டிபன் டப்பாவை மேலே வைத்து
ஒவ்வொன்றாய் உருவினேன்.
கே.வி.குப்பம் வருவதற்குள் எண்ணி முடித்தாயிற்று.

ஐந்தில் ஒன்று என்றவர்கள் இருபத்தாறு.
மூன்றில் ஒன்று பதின்மூன்று.
ஒருவன் மீசை வைத்த சூரியன் வரைந்திருந்தான்.
ஒன்றில் எதுவுமே இல்லை.

பதின்மூன்றில் ஒரு தாள்:
"தீப்பெட்டி ஒட்ன காச மூணு பேரு பிரிச்சா
கைக்கு கொஞ்சம் வரும்,
அஞ்சு பேரு பிரிச்சா பஸ்சுக்கே சரியாப்பூடும்."
கொம்பு இல்லாத 'கே', அடித்து எழுதிய 'ஞ்'.
ஜூன் மாதத்திலிருந்து
வாய் திறக்காத தவமணியின் கை அது.
இரண்டு தடவை படித்தேன்.

பிறகு கோபம் வந்தது,
இருபத்தாறு பேர்மேல்.
தொண்டை வறளச் சொன்னேனே,
பங்கு கூடினால் துண்டு சிறுக்கும் என்று!
லத்தேரியில் பஸ் நின்றது.
வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஜன்னலைத் தட்டினார்.
வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே
கடைசித் தாளைத் திருப்பினேன்.

பச்சை மை. புள்ளிகள் எல்லாம் மிளகு அளவு.
நஸ்ரத் பர்வீனைத் தவிர யாரும் இல்லை.
"அஞ்சுல ஒண்ணுதான் பெருசு.
நம்பலன்னா போர்டுல பாருங்க மிஸ்."

அன்று இரவு
கரும்பலகையை ஞாபகத்தில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
தெரியவில்லை.

காலையில் முதல் பஸ்.
கூட்டுகிற தேசம்மா கதவைத் திறந்துவிட்டார்.
நல்லவேளை, யாரும் அழிக்கவில்லை.
இடது மூலையில்
தேர்வு அட்டவணைக்குக் கீழே கிடைத்த இடத்தில்
ஒரு சின்ன ரொட்டி, மூன்று பங்காய்.
வலப்பக்கம் தாராளமாக
என் முழங்கை போன போக்கில்
ஒரு பெரிய ரொட்டி, ஐந்து பங்காய்.
சாண் வைத்து அளந்தேன்.
அந்த ஐந்தில் ஒன்று
இந்த மூன்றில் ஒன்றை விழுங்கி ஏப்பம் விடும்.

என் வாய் ஒன்று சொன்னது,
என் சாக்பீஸ் வேறொன்று.
பிள்ளைகள் கண்ணால் கேட்டிருக்கிறார்கள்.

முதல் பீரியட்.
"தப்பு உங்களுது இல்ல, என் படம்தான்" என்றேன்.
புறாச் சத்தம் மட்டும்.
ஒரே நூல், ஒரே நீளம்,
இரண்டு வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது
பின்பெஞ்சிலிருந்து கோதண்டபாணி:
"அப்ப உங்களுக்கு எவ்ளோ மார்க் மிஸ்?"

மார்க் கிடையாதுடா என்று சொல்லி முடிப்பதற்குள்
வகுப்பு சிரித்துவிட்டது, நானும்.

அந்த வெற்றுத் தாள்
இன்னும் என் பையில் இருக்கிறது.
முன்பக்கம் ஆவணி ஏழு, சுபமுகூர்த்தம்.
பின்பக்கம் பென்சில் அழுத்தி,
எழுதாமல் எடுத்த ஒரு புள்ளி.
நாற்பத்தொரு கைகளில்
எந்தக் கை என்று
வருகைப்பதிவு எடுக்கும்போதெல்லாம்
தேடிக்கொண்டிருக்கிறேன்.