ஒன்பதாவது முறை

காந்தி ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து.
லாட்ஜ் வரவேற்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
ஆதார் நகல் எடுத்து, சாவி கொடுத்து,
இரண்டாம் மாடிக்கு வெந்நீர் திறந்துவிட்டபின்
ராத்திரி பத்தரைக்கு மேல் அதில்
நாகரிகங்கள் தொடங்கும்.

ஒரே நாற்காலி.
உன் முறை முடிந்தால் நீ எழுந்துகொள்,
என் முறைக்கு நான் உட்காருவேன்.
நீ ஆடும்போது நான் தெருவைப் பார்ப்பேன்:
மீன்குழம்பு மெஸ்ஸின் வங்காளப் பலகையை,
மருந்துக்கடைப் படியில் உறங்கும் நாயை.
எட்டிப் பார்ப்பதில்லை. அது ஒன்றுதான் சட்டம்.

யாரும் இங்கே பன்னிரண்டு நாளைத் தாண்டுவதில்லை.
ரிசல்ட் வந்தால் போய்விடுவார்கள்,
வராவிட்டால் பணம் தீர்ந்து போய்விடுவார்கள்.
அதனால் நான் வயலுக்கு ஆள் அனுப்புவதில்லை.
களஞ்சியம் கட்டுவதில்லை.
முதல் முறையிலேயே ஒரு தடிக்காரன்,
நான்காவதில் இன்னொருவன்,
ஆறாவதில் மூன்றாமவன்.
என் ஊர் பசியோடு கிடக்கட்டும்.
மூவரும் காட்டோரமாக நடந்து
ஒன்பதாவது முறையில் உன் வாசலில் நிற்பார்கள்.
நீ அப்போதுதான்
மட்பாண்டம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பாய்.

கோட்டை இருக்கிற ஊர் இது,
அகழியில் தண்ணீர்கூட உண்டு.
ஆனாலும் முதல் வேலையாக மதில் எழுப்பிய ஒருவரை
இந்த நாற்காலியில் நான் கண்டதில்லை,
பிமல் மைத்தி வரும்வரை.

மேதினிபூரில் சைக்கிள் கடை.
தம்பிக்கு ரத்தத்தில் ஏதோ.
என் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே கல் மதில்,
மேலே இரண்டு வில்லாளிகள்.
ஒருவன் செத்தான்.
ஒருவன் பாதி உயிரோடு குன்றின் பின்னால் பதுங்கினான்.
மூன்றாமவனை எப்படித் திருப்பிக் கூட்டிவருவது?
இதுவரை
திரும்பிவரும் தேவையே வந்ததில்லை.

"தாதா, அப்புறம்?" என்றார் பிமல்.
அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அது.

அப்புறம் என்பது நான் பார்க்காத நாடு.
முப்பதாவது முறையில் எனக்கு ஒரே ஊர், அவருக்கு நான்கு.
அறுபதில் அவர் கப்பல் விட்டார்,
நான் எழுத்து கற்றேன்.
வெடிமருந்து என்று ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு என்பதே
நூற்றுப்பத்தாவது முறையில்தான் தெரிந்தது,
அதுவும் அவர் பக்கம்.
நசுக்கியிருக்கலாம்.
எல்லையில் ஒரு யானைப்படையைச் சும்மா நிறுத்திவிட்டு
எனக்குக் கோதுமை அனுப்பினார்.
ஐந்து ராத்திரி. ஒன்பது. பதினேழு.

பதினெட்டாம் நாள் பெட்ஷீட்டை எண்ணி,
அட்வான்ஸில் மீதி நூற்று நாற்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
இரண்டு பேராக வந்தவர்கள்
இரண்டு பேராகவே காட்பாடிக்கு ஆட்டோ ஏறினார்கள்,
தம்பி முகத்தில் நீல மாஸ்க்.
அந்த ஆட்டத்தை நான் அழிக்கவில்லை.
திறந்தால் 'பிமலின் முறை' என்று வரும்.
மூடிவிடுவேன்.

ஐப்பசி மழையில் அகர்தலாவிலிருந்து மௌபியா வந்தாள்.
பதினொரு வயது, காதை மூடிய கம்பளித் தொப்பி.
அப்பா ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருக்க
திரையைக் காட்டி நாற்காலியைக் கேட்டாள்.

குழந்தைதானே என்று நிதானமாக ஆடினேன்.
ஆற்றங்கரையில் ஊர் அமைத்தேன்.
ஆற்றுக்குப் பாலாறு என்று பேர் வைத்தேன்,
இதில் தண்ணீர் ஓடியது.
வயலுக்கு ஆள் அனுப்பினேன்.
களஞ்சியத்துக்கு மட்பாண்டம் தெரிந்திருக்க வேண்டுமாம்,
கற்கத் தொடங்கினேன்.
மதிலை அடுத்த முறைக்கு, அதற்கடுத்த முறைக்கு என்று
தள்ளிக்கொண்டே போனேன்.

ஒன்பதாவது முறை.
உட்கார்ந்தேன்.
காட்டோரம் மூன்று தடிக்காரர்கள்.

"யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு?"

தமிழ் தெரியாது அவளுக்கு.
வேறெதையோ நான் கேட்டதாக நினைத்து
ஏழு விரல் காட்டினாள்,
பிறகு சுவர்க் கடிகாரத்தை.
"அட்மிஷன்," என்றாள்,
நாற்காலியின் முதுகை
இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டே,
எழுந்திரு, சீக்கிரம்
என்பதுபோல.