பதினாலு சென்ட் அதிகம்

தாராபுரம் சார்பு நீதிமன்றம் என்னை
ஏழு ஏக்கர் முப்பது சென்ட் கொரங்காட்டுக்கு
ரிசீவராகப் போட்டு இது மூன்றாவது சித்திரை.
சாவி இல்லாத சொத்து.
கடவுப் படலின் கயிற்றை அவிழ்த்து உள்ளே போய்
"சுவாதீனம் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதிவிட்டு
வெளியே வந்து அதே முடிச்சைப் போடப் பார்த்தேன்.
வரவில்லை.
ஆடு மேய்க்கும் குப்பணன் வந்து போட்டுக் கொடுத்தார்.

வாதி தெய்வாத்தாள். பிரதிவாதி சென்னியப்பன்.
உடன்பிறந்தவர்கள் என்பது
பிராதின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது,
எதிருரையில் அது ஒன்றுதான் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.
மற்றதெல்லாம் மறுப்பு:
போட்ட பவுன், எழுதித் தராத விடுதலை,
அப்பன் படுக்கையில் வைத்த கைரேகை
இடது பெருவிரலா வலதா என்பது வரை.

காடு சும்மா கிடக்கக் கூடாது,
குத்தகைக்கு விடு என்றது கோர்ட்.

சோலார் கம்பெனி, இருபத்தெட்டு வருஷத்துக்கு.
வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை.
வெள்வேல மரங்கள் முப்பத்தாறும்
"தடைகள்" என்ற தலைப்பின் கீழ்.
காங்கேயத்துக் கொப்பரைக்காரர், களம் போட,
ஏக்கருக்கு ஐயாயிரம் கூட்டி.
மூன்றாவது, தீவன மூட்டை பில்லின் பின்பக்கம்,
பென்சிலில்:
"குப்பணன். செம்மறி நாப்பது உருப்படி.
போன வருசத்துக் காசே குடுக்கறனுங்.
மழை பேஞ்சா இருவது நாளைக்கு ஆட்டை உள்ள உடமாட்டனுங்.
கொழுக்கட்டைப் புல்லு வேர் புடிக்கோணும்."

மழையைப் பற்றிப் பேசியது அந்த ஒன்றுதான்.

ஏலத்தன்று
சோலாருக்காக வந்தவர் சென்னியப்பனின் மச்சான்.
கொப்பரைக்காரர்
தெய்வாத்தாள் மருமகனுக்குப் பங்காளி.
யார் எடுத்தாலும் பணம் கோர்ட் டெபாசிட்டுக்குத்தான்,
தீர்ப்பு வரும்வரை இருவருமே தொட முடியாது என்று
இரண்டு முறை சொன்னேன்.
"தெரியுமுங்" என்றார் மச்சான்.
"நீங்க ஏத்துங்க" என்றார் பங்காளி.
மத்தியானத்துக்குள் மானாவாரிப் புல்லின் விலை
மூலனூர் பஸ் ஸ்டாண்டுக் கடை வாடகையைத் தாண்டியது.
குப்பணன் ஜன்னலோரம் நின்று
காது குடைந்துகொண்டிருந்தார்.

உறுதி செய்யுமுன் அளக்கச் சொன்னார்கள்.
மூன்று அளவுக்கல் கிடைத்தது.
நாலாவதைக் கிளுவை வேலி விழுங்கியிருந்தது.
வெட்டி நட்ட குச்சிதான் கிளுவை,
யாரும் பார்க்காத வருஷங்களில்
அது பக்கத்தில் கால் வைக்கிறது.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சர்வேயர்,
"பத்திரத்தைவிடப் பதினாலு சென்ட்
அதிகமா இருக்குதுங்க மேடம்."

அடுத்த வாய்தாவுக்குக் கூட்டு மெமோ.
மேற்படி பதினாலு சென்ட்டும்
எங்கள் தகப்பனார் அர்த்தனாரிக் கவுண்டர்
ஏகபோகமாக ஆண்டு அனுபவித்ததே என்று
அக்காளும் தம்பியும்.
பதினோரு வருஷத்தில்
இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் தாள்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார்.

வராண்டாவில் தெய்வாத்தாள் தூணைப் பார்த்துக் கேட்டார்:
"சக்கரை இப்ப எவ்வளவு இருக்குது?"
"எரநூத்துப் பத்து."
"மாத்திரை திங்கறயா?"
அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.
திரும்பும்போது வேறு வேறு பஸ்.

நேற்று வடக்குக் காட்டுக்காரர்
தன்னையும் கட்சியாகச் சேர்க்க மனுப் போட்டுவிட்டார்.
பதினாலும் இட்டேரியாம்.
ரெட்டைமாட்டு வண்டி போன தடத்தில்
இப்போது ஒரு ஆடுதான் போகலாமாம்.
ஏலம் நிறுத்தம். வாய்தா ஆனிக் கடைசி.
அதுவரை போன வருஷத்து ஆளுக்கே,
போன வருஷத்துத் தொகைக்கே விட உத்தரவு.

உத்தரவு நகலோடு போனேன்.
மழை பெய்து நின்றிருந்தது.
ஈர மண்ணில் மொளைப்பு பச்சையாய்க் கண்ணைப் பறிக்க
நாற்பது உருப்படியும் இட்டேரியில்
ஒன்றன் பின் ஒன்றாக,
கிளுவைக்குள் மூக்கை நுழைத்தபடி.
"உள்ள உடலாமே, ஆர்டர் வந்திருச்சு" என்றேன்.
"இன்னிக்குப் பன்னெண்டாவது நாளுங்"
என்றார் குப்பணன்.

அந்த முடிச்சை
இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.
மெதுவாகத்தான் காட்டினார்.