குடுவைக்குள் பிறந்தது

போத்னியா வளைகுடா உறைந்து கிடந்த பிப்ரவரி.
புகைக்கூண்டின் நடுவயிற்றில் ஓர் இரும்புப் படி.
ஐலா அதில் நின்றாள்,
கையுறைமேல் கையுறை போட்டு.
துளைக்குள் குழாயைச் செருகிக்
கண்ணாடிக் குடுவைக்குள் புகையை இழுத்தாள்.
இறுக்கித் திருகினாள்.
சீட்டில் எழுதினாள்:
பழைய கொதிகலன், நிலக்கரி, காலை ஒன்பது பத்து.
பேனா உறைந்துவிட்டதால் பென்சிலில்.

நாற்பத்தொரு குடுவைகள்.
ரயிலேறித் தலைநகரத்து ஆய்வகம் போய்
வரிசையில் கிடந்து
பதினாறாம் நாள் வாய் திறந்தன.
நைட்ரஸ் ஆக்சைடு என்ற வரிக்கு நேரே
இருந்த எண்ணைப் பார்த்துத் தௌனோ விசிலடித்தான்.
"பல் டாக்டர்கள் இனி நம்மிடமே வாங்கலாம்."
சிரிப்பு வாயுதானே அது,
யாரும் சிரிக்கவில்லை.

எண் ஊர்சுற்றப் போனது.
மாநாடு, அட்டவணை, அமைச்சரின் மேசை.
உலகத்துக் கரியையெல்லாம் அதனால் பெருக்கினார்கள்.

ஏப்ரலில் அலமாரி மூலையில்
ஒரு குடுவை அகப்பட்டது.
எடுத்த அன்றே ஒருமுறை அளந்து மறந்தது.
வேலையில்லாத மதியம்;
மறுபடி அளந்தாள்.
பத்து மடங்கு.
கருவியைத் திட்டினாள். கழுவினாள்.
பத்து மடங்கேதான்.

அடைத்த இருட்டில்
ஈரமும் கந்தகமும் நைட்ரஜனின் இன்னொரு பிள்ளையும்
கூடிக் கூடி
இல்லாததை உண்டாக்கியிருந்தன.
புகைக்கூண்டு செய்யாததைப்
புட்டி செய்திருந்தது.
தங்கையோடு பேசாத நாலு வருடம்
ஐலாவுக்கு நினைவு வந்தது.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.

'எங்கள் எண் தவறு' என்று
கையெழுத்திட்டு அனுப்பினாள்.
மேலாளர் கேக் வாங்கிவந்தார்.
"ஆக, நாம் நல்லவர்கள்!"
ஐலா கேக்கைத் தின்று முடித்து,
"கரியமில வாயு அப்படியேதான் இருக்கிறது" என்றாள்.

இன்னொரு கொதிகலன் இருந்தது.
மணல் குதிக்கும் புதுசு.
சூடு குறைவு, கந்தகம் குறைவு,
போன வருடம்தான் ரிப்பன் வெட்டினார்கள்.
இம்முறை குடுவை வேண்டாமென்று
கருவியையே சுமந்துகொண்டு இருவரும் படியேறினார்கள்.
நேராகப் புகையின் வாயில் வைத்தார்கள்.

இருந்தது.
பழையதைவிடப் பல மடங்கு.
சுத்தத்துக்கென்று வாங்கியதில், நிஜமாகவே.
தௌனோ முள்ளின் கண்ணாடியை
இரண்டு தடவை துடைத்தான்.
முள் அங்கேயே நின்றது.

அவள் நேரத்தைக் குறித்தாள்.
இப்போது மேலேறிப் போவது கலைய
நூறு வருடத்துக்கு மேலாகும்.
கீழே, இளகத் தொடங்கிய பனிக்கட்டியில்
துளையிட்டு உட்கார்ந்து
ஒருவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.
சிவப்புத் தொப்பி.
அண்ணாந்து பார்த்துக் கையசைத்தான்.
பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஐலாவும் அசைத்தாள்.