இழுத்துப் பிடிங்க

"கண்ண மூடிக்கிட்டு
மேலயும் கீழயும் இழுத்துப் பிடிங்க."
பதினோரு வருஷமாய்ச் சொல்கிறேன்.
நூலின் ஒரு முனை பல்லில் இருப்பதால்
பாதி வார்த்தை மூக்கில் வரும்.
யாரும் திரும்பக் கேட்டதில்லை.

தோட்டப்பாளையத்தில்,
வங்காள எழுத்தில் பேர் போட்ட லாட்ஜுக்கும்
ராத்திரியும் மூடாத மெடிக்கலுக்கும் நடுவே
என் பார்லர்.
குடியாத்தம் பஸ்ஸில் வந்திறங்கி
வெயிலோடு உள்ளே வந்தாள் ரோஸ்லின்.
சாய்ந்தாள். சொன்னேன்.
இடது கை எழும்பிப்போய்
புருவத்துக்கு மேலே தோலை இழுத்தது.
கீழே இமையைப் பிடிக்கவேண்டிய கை
துப்பட்டாவுக்குள்
முழங்கையோடு நின்றிருந்தது.

நல்லவேளை, வாயில் நூல்.
"அச்சச்சோ" வெளியே வரவில்லை.

ரிஹானாவைக் கூப்பிட்டேன், பிடித்துக்கொள்ள.
ரோஸ்லின் முகத்தைத் திருப்பினாள்.
"எட்டு மாசமா ஊர்ல இருக்கிற விரலெல்லாம்
என் மேலதான்.
இங்கயுமா?"
செய்யாத வேலைக்குக் காசு நீட்டிவிட்டுப் போனாள்.

அன்றிரவு
வலது கையைத் துப்பட்டாவால் முதுகோடு கட்டி
ஒரு ஸ்டிக்கர் பொட்டை
அட்டையிலிருந்து பிய்க்கப் பார்த்தேன்.
அட்டை நகர்ந்தது.
முழங்காலில் அழுத்தினேன்.
பொட்டு நகத்தில் ஒட்டியது,
பிறகு மூக்கில்.
வீட்டுக்காரர் பார்த்துவிட்டு
டிவி சத்தத்தைக் குறைத்தார்.

போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன்,
குரல் கொஞ்சம் தழுதழுக்க.
"கட்ட அவுத்துட்டீங்களா?" என்றாள்.
"ம்."
"சரி. இப்ப தோலை எது பிடிக்கும்னு யோசிங்க."

ரப்பர் பேண்டை வளைத்துப் பார்த்தோம். வழுக்கியது.
கிஃப்ட் ஒட்டுகிற டேப்,
நாலு இமைமுடியைப் பிடுங்கியது;
அவள் திட்டியதை இங்கே எழுதமாட்டேன்.
கடைசியில் பக்கத்து மெடிக்கலின் வெள்ளைக் காகித டேப்,
டிரிப்ஸ் ஊசி நகராமல் கையில் ஒட்டுவார்களே, அது.
பார்த்ததும் ஒரு நொடி
அவள் முகம் வார்டுக்குப் போய்த் திரும்பியது.
"ஒட்டுங்க" என்றாள்.
"இன்னும் கீழ. கன்னத்து எலும்புல.
ஆங், அங்க."
மேலே அவள் விரல், கீழே டேப்,
நடுவில் என் நூல்.

இப்போது கண்ணாடிப் பலகையில்
சீப்புக்குப் பக்கத்தில் ஒரு சுருள் இருக்கிறது.
நேற்று கல்யாண அவசரத்தில் வந்த ஒருத்தி,
இரண்டு கையும் உள்ளவள்,
"எனக்கும் அதையே ஒட்டுங்கக்கா,
போன் பேசணும்" என்கிறாள்.

ரோஸ்லின் மாசம் ஒருமுறை வருகிறாள்.
போன வாரம்
இடது புருவம் மெலிந்துவிட்டதென்று சண்டை.
பத்து ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தாள்.
மெலிந்துதான் இருந்தது.