நாற்பத்தேழு பவுண்டு

மூன்று மட்டைகளை மேஜையில் கிடத்திவிட்டு
தாதியோ மாத்தே உறிஞ்ச உள்ளே போய்விட்டான்.
எடைச்சீட்டைப் படிக்காதே,
கண்ணை மூடிக்கொண்டு விசிறு என்றான்.
ரொசாரியோவில் மார்ச்.
பரானா நதியின் ஈரம் கடைக்குள்ளும் ஏறி
கைப்பிடி நாடாக்கள் பிசுபிசுக்கின்றன.

எனக்கு நாற்பத்துமூன்று வயது.
இருபத்தாறு வருடமாக அடித்ததெல்லாம் நேர்க்கோடு.
வலைக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில்,
சுவரில் ஆணி அறைவதுபோல ஒரு ஃபோர்ஹேண்ட்.
உள்ளே விழுந்தால் எனக்கு,
வெளியே விழுந்தால் அவளுக்கு.
நடுவில் பேச்சே கிடையாது.
மாகாண லீக்கில் என்னைத் தெரிந்தவர்கள்
பின்கோட்டிலிருந்து ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள்.

போன வருடம் யனினா பெல்த்ராமோ தள்ளி நிற்கவில்லை.
வலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் தூக்கிப் போட்டாள்.
சோம்பேறிப் பந்து என்று நினைத்தேன்.
கோட்டருகே வந்ததும் அது தலைகுப்புற விழுந்து
செங்கல்தூளைக் கடித்து
என் காதுவரை எழும்பியது.
காதுயரத்தில் யாராலும் ஆணி அறைய முடியாது.
ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று.
கை குலுக்கும்போது
அவள் மட்டையைத்தான் பார்த்தேன்.

முதலாவது நீலம்.
தொண்ணூற்றெட்டு அங்குல முகம்,
பதினெட்டுக்கு இருபது நரம்பு,
மாவு சலிக்கலாம், அவ்வளவு நெருக்கம்.
என் பழைய மட்டைக்குத் தங்கை.
கை தானாக அதற்குத்தான் போயிற்று.
உள்ளேயிருந்து தாதியோ இருமினான்.

இரண்டாவது கறுப்பு, மீன்வலைபோல அகன்ற கண்கள்.
லேசு. விசிறினால் காற்று சிரிக்கிறது.
முந்தாநாள் கோர்ட்டில் பந்தைப் பம்பரமாகச் சுற்றியது நிஜம்.
ஆனால் எதிரே ஒருவன் பலமாக அடித்ததும்
முகம் திருப்பிக்கொண்டது,
கடன் கேட்டவுடன் உறவினர் திருப்புவார்களே, அப்படி.

மூன்றாவது பச்சை, பெயின்ட் உரிந்தது.
நூறு அங்குலம், பதினாறுக்குப் பத்தொன்பது,
நரம்பு கோக்காமலே முன்னூற்றைந்து கிராம்.
யாரோ வாங்கி, ஆடிப் பார்த்து,
திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

தாதியோ வந்தான்.
நடு நரம்பொன்றை நகத்தால் பக்கவாட்டில் இழுத்து விட்டான்.
டக்.
தன் இடத்துக்கே வந்து நின்றது.
இவ்வளவுதான், என்றான்.
பந்து அழுத்தும்போது நரம்பு விலகணும்.
விலகினது திரும்பி வருகிற வேகத்தில்தான் சுழற்சி.
விலகாத நரம்பு வெறும் சுவர்.

என்னைச் சொல்கிறானோ என்று பார்த்தேன்.
இல்லை. நரம்பைத்தான் சொன்னான்.
அவனுக்கு மனிதர்களில் அக்கறை கிடையாது.

பட்டை தீட்டிய பாலியெஸ்டர் போடலாம், எத்தனை பவுண்டு?
ஐம்பத்தைந்து, எப்போதும்போல.
நாற்பத்தெட்டு.
தளர்த்தினால் பறக்கும்.
தட்டையாக அடித்தால் பறக்கும்.
ஐம்பத்திரண்டு.
நாற்பத்தெட்டு.
முழங்கை வலிக்கிறதா?
இல்லை, என்றேன்.
நிமிர்ந்து பார்க்காமல்
சீட்டில் நாற்பத்தேழு என்று எழுதினான்.

வியாழக்கிழமை, தண்டவாளத்தை ஒட்டிய ஐந்தாம் கோர்ட்.
முதல் பதினைந்து பந்துகள் பின்வேலியில்.
ஒன்று வேலியையும் தாண்டி சரக்கு ரயில் பக்கம்.
பக்கத்தில் இரட்டையர் ஆடிய பல் டாக்டர்கள்
மரியாதையாகக் கைதட்டினார்கள்.

பிறகு முழங்காலை மடக்கி
மட்டைத் தலையைத் தரையருகே விட்டு
கீழிருந்து மேலே, பந்தின் முதுகில்
தீக்குச்சி உரசுவதுபோல ஒரு உரசல்.
நரம்பு டக்கென்றது.
பந்து எழும்பிக்கொண்டே போனது. போச்சு, என்றேன்.
உச்சியில் எதையோ மறந்துவிட்டதுபோல நின்று
விழுந்தது.

நம்பவில்லை. வலையைச் சுற்றி நடந்துபோய்த்
தூளில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தேன்.
கோட்டின் வெள்ளையில் பாதி,
சிவப்பில் பாதி.

அடுத்ததை வேண்டுமென்றே நேராக அறைந்தேன்.
வலை.
அதற்கடுத்ததையும்.

ஏப்ரல் பத்தொன்பது, காலை பத்து மணி, யனினா.
முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு
சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து
நரம்புகளை ஒவ்வொன்றாக விலக்கி விடுகிறேன்.
டக்.
டக்.
ஒன்று மட்டும் திரும்பவில்லை.
விரலால் தள்ளி வைத்தேன்.